முகம் தேய்ந்த சிங்கம்

எங்கள் மாவட்ட நகை மதிப்பீட்டாளர்கள் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் நானும் எழுத வேண்டுமாம். "மெஷின் இல்லாத காலத்துல எப்படி சார் கண்டுபுடிச்சீங்க, அத எழுதுங்க" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் பொருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் அரை நிமிடத்தில் விவரம் வந்துவிடுகிற காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். நான் வெறுங்கண்ணால் அதிசயம் செய்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுக்க மனம் வரவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வருவது, மெஷின் சரியாகச் சொல்லியும் நான் தவறாக எழுதிக்கொடுத்த ஒரு அறிக்கைதான். அதனால் அதையே எழுதுகிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு டச் கடையில் சேர்ந்தேன். டச் கடை என்றால் நகை விற்கிற இடம் அல்ல. நகையிலோ கட்டியிலோ எவ்வளவு சுத்தத் தங்கம், எவ்வளவு வெள்ளி என்று பார்த்துச் சொல்கிற இடம். ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. நடத்தியவர் தணிகாசலம் ஆச்சாரி. வெள்ளியைத் துளி சுரண்டி நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்புத் தண்ணீர் விட்டால், பால் திரிவதுபோல வெள்ளை வெள்ளையாக அடியில் இறங்கும். இதைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்திருந்தேன். ஆச்சாரி மூன்று நாளில் செய்ய வைத்தார். என் பெயர் ஏழுமலை. அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வாங்க கெமிஸ்ட்ரி" என்பார். பதினொரு வருடம் நான் அவரிடம் கெமிஸ்ட்ரியாகவே இருந்தேன்.

அவர் அடிப்படையில் செதுக்கு வேலைக்காரர். சுற்று வட்டாரக் கோயில்களின் வெள்ளிக் கவசங்களிலும் வாகனங்களிலும் அவர் கை பட்ட சிங்கமும் யாளியும் நிறைய. காலையில் டச் பார்ப்பது, மதியத்துக்கு மேல் செதுக்குவது. பொருளோடு வந்தவரிடம் பேச மாட்டார். பொருளோடுதான் பேசுவார். தட்டி, காதருகே வைத்து, "எந்த ஊர் நீங்க?" என்று கேட்பார். போலி என்ற சொல் அந்தக் கடையில் புழங்கியதே இல்லை, 'வேற ஊர்' என்றுதான் சொல்வார். ஒருமுறை அரிசி ஆலை முதலாளி ஒருவர் சம்பந்தி வீட்டார் சீராகக் கொடுத்த வெள்ளித் தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். சம்பந்தியையும் கூடவே அழைத்துவந்திருந்தார். ஆச்சாரி தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பூசியிருக்காங்க" என்று பாராட்டினார். வந்த இருவரில் ஒருவருக்கு முகம் மலர்ந்தது, இன்னொருவருக்குத்தான் புரிந்தது. மலர்ந்த முகம் அரிசி ஆலைக்காரருடையது.

உலோகத்திடம் இவ்வளவு மரியாதையாக இருந்தவர், பிறர் கைவேலையிடம் மட்டும் அப்படி இருக்க மாட்டார். யார் செதுக்கியதைக் காட்டினாலும் உதட்டை ஒரு பக்கமாக இழுப்பார். அதற்குமேல் விமர்சனம் தேவைப்பட்டதில்லை.

ஆங்கிலேய வெள்ளி எங்களுக்குப் பழகியது செங்கம் ரோட்டால். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டார் சிலர், துறவு முற்றும்போது வீட்டு வெள்ளி ஸ்பூன்களை விற்க வருவார்கள். துறவு தெளியும்போது அதே ஸ்பூன்கள் இருக்கிறதா என்று கேட்டு வருவார்கள். அந்த ஸ்பூன்களின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். நடக்கிற சிங்கம் என்றால் வெள்ளி தரமானது. சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது. ஒரு எழுத்து, செய்த வருடத்துக்கு. இரண்டு எழுத்து, செய்தவர் பெயருக்கு. ஒரு உலோகத்துண்டுக்குள் இவ்வளவு ஜாதகமா என்று எனக்கு வியப்பு. ஆச்சாரி அந்தச் சிங்கங்களை லென்ஸில் பார்த்துவிட்டு உதட்டை இழுத்தார்.

பிறகு மெஷின் வந்தது. கரைக்காமல் சுரண்டாமல் உள்ளே இருப்பதைச் சொல்லும் மெஷின். நான் வாங்கலாம் என்றேன். அவர், "அது நம்ம கடைக்கு வந்தா நான் எதுக்கு?" என்று கேட்டார். சில மாதத்தில் கடையை என்னிடம் விட்டுவிட்டு, பே கோபுரத் தெருவில் மகள் வீட்டோடு இருந்துகொண்டார். நான் மெஷின் வாங்கினேன். வங்கிகளுக்கும், அவ்வப்போது காவல் நிலையத்துக்கும் மதிப்பீட்டாளர் ஆனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டோரத்தி என்று ஒரு ஆங்கிலேயப் பெண்மணி செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வெகுகாலம் வாடகைக்கு இருந்தார். ஊர் வாயில் அந்தப் பெயர் துரத்தியம்மா ஆகிவிட்டது. குரங்குகளைத் தவிர அவர் யாரையும் துரத்தியதாகத் தெரியவில்லை. அவருக்குச் சமையலும் வீட்டு வேலையும் செய்தவர் அடி அண்ணாமலையிலிருந்து தினமும் வந்துபோன காசியம்மாள். இருபத்தைந்து வருடம். டோரத்தி முதுமையில் இறந்தபோது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: வீட்டுச் சாமான் எல்லாம் காசியம்மாளுக்கு, வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள் இரண்டும் லண்டனில் இருக்கும் தங்கை மகன் எட்வினுக்கு.

எட்வின் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அமைதியான மனிதர். வரும்போதே ஒரு லென்ஸும் முத்திரைகள் பற்றிய ஒரு சின்னப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். தாங்கிகள் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தவருக்கு முகம் மாறியது. ஒன்றில் முத்திரைகள் பளிச்சென்று இருந்தன. இன்னொன்றில் மங்கிக் குழம்பிக் கிடந்தன. மங்கியது அச்சில் வார்த்த நகல், அசலை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தார். வீட்டுச் சாவி இருபத்தைந்து வருடமாக யாரிடம் இருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது காசியம்மாள் வாசல் பெஞ்சில் மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். அசல் எங்கே, யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார்களாம். "நான் எடுக்கல. ரெண்டும் இங்கதான இருக்குது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றார்கள். பிடிவாதக்காரி என்று ஒரு ஏட்டு சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தாங்கிகளை மேசையில் வைத்தார்கள். முக்கால் முழத்துக்குக் கொஞ்சம் மேல். சதுர அடிப்பீடம், நாலு மூலையிலும் ஒவ்வொரு சிப்பி. தண்டு பருத்தும் சிறுத்தும் மேலே போய், வர்த்தி செருகும் குழலில் முடியும். தகட்டைத் தட்டிச் செய்து உள்ளே அரக்கை நிரப்பும் மலிவான வகை அல்ல. தண்டை இரண்டு பாதியாக வார்த்து, நடுவில் பற்றவைத்து, பற்றிய கோடு தெரியாமல் இழைத்துச் செய்த பழைய முறை. விரல் நகத்தை மெல்ல ஓட்டினால் மட்டும் ஒரு தடை தெரியும். கைகள் அதைக் கீழே வைக்க மறுத்தன.

முத்திரைகளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு முத்திரையையும் உளி மாதிரி ஒரு அச்சை வைத்துச் சுத்தியால் அடிப்பார்கள். ஒரே ஆள் அடித்தாலும் இரண்டு தாங்கியில் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழாது. இவற்றில் நாலு முத்திரையும் மயிரிழை மாறாமல் ஒரே இடத்தில் இருந்தன. அப்படியென்றால் ஒன்றை வைத்து அச்செடுத்து இன்னொன்றை வார்த்திருக்கிறார்கள். எட்வின் சொன்னது சரி. அச்செடுத்து வார்த்தால் நுணுக்கங்கள் மழுங்கும் என்பது தொழிலின் முதல் பாடம். மங்கியதுதான் நகல். பளிச்சென்றிருந்தது கையில் கனமாகவும் இருந்தது. நல்ல பொருள் கனக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. கடைக்குக் கொண்டுபோய் இரண்டையும் மெஷினில் வைத்தேன். இரண்டுமே தரமான வெள்ளி. மெஷின் தந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மங்கலான தாங்கி பிற்கால நகல் என்று தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாங்கிகளோடு நிலையத்தில் கொடுத்தேன்.

எட்வின் என் கையைக் குலுக்கினார். பளிச்சென்ற தாங்கியைத் தூக்கி, இந்தச் சிங்கத்தின் பிடரியைப் பாருங்கள், இப்படி ஒரு கை இங்கிலாந்தைத் தவிர எங்கும் கிடைக்காது என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது காசியம்மாள் கேட்டது ஒன்றுதான். "நான் வூட்டுக்குப் போலாங்களா சார்?"

இன்றைக்குப் போகலாம் என்றார் ஏட்டு. நாளைக்கு வழக்குப் பதிய வேண்டியிருக்கும் என்றார். என் அறிக்கைதான் அதற்கு ஆதாரம்.

மறுநாள் காலை சட்டையைத் துவைக்கப் போடும்போது மெஷின் தாள் கையில் வந்தது. அதன் கடைசி வரியை அப்போதுதான் படித்தேன். மங்கலான தாங்கியின் வெள்ளியில் துளி தங்கம் கலந்திருந்தது, பளிச்சென்றதில் இல்லை. முந்தின நாள் அதைக் கண்டிருந்தாலும், கடையில் பறக்கிற தங்கத் தூசி ஒட்டியிருக்கும் என்று ஒதுக்கியிருப்பேன். பழங்காலத்தில் வெள்ளியைச் சுத்தம் செய்யும்போது அதோடு கலந்த துளி தங்கத்தை முழுக்கப் பிரிக்கத் தெரியாது. இந்தக் காலத்து வெள்ளியில் அந்தத் துளி இருக்காது. அப்படியானால் மங்கலானதுதான் பழையது.

வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அச்செடுத்து வார்க்கும்போது உருகிய வெள்ளி ஆறினால் சுருங்கும். நகல் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் குள்ளம். இதுவும் தொழிலின் முதல் பாடம்தான். நேற்று நான் பாதிப் பாடத்தோடு நிறுத்தியிருந்தேன். பளிச்சென்ற தாங்கி நாலு மில்லிமீட்டர் குள்ளமாக இருந்தது. அடிப்பீடமும் அதே கணக்கில் குறுகல். மறுபடி லென்ஸை வைத்து அந்தச் சிங்கத்தைப் பார்த்தேன். வார்த்த பிறகு யாரோ சிற்றுளியால் மறுபடி செதுக்கி எடுத்திருந்தார்கள். அதனால்தான் பளிச்சென்று இருந்தது. உருண்டை விழி. பிடரியில் சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளும் உள்நோக்கி ஒன்றரைச் சுற்று. பதினொரு வருடம் அந்தச் சுருள்களை எனக்கு எதிர் மேசையில் பார்த்திருக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டரிடம், என் அறிக்கை தவறு, மதியம்வரை பொறுங்கள் என்றேன். "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. மத்தியானம் மூணாவதா ஒண்ணு இருந்தா அதையும் கேட்டுட்டே எழுதறேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

பே கோபுரத் தெருவில் ஆச்சாரி தினத்தந்திக் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கும். நான் நடந்ததைச் சொன்னேன். டோரத்தி பெயரைச் சொன்னதும் விசிறல் நின்றது. காசியம்மாள் மேல் வழக்கு வரப்போகிறது என்றேன். "ஐயோ பாவம்" என்றார். மறுபடி விசிறத் தொடங்கினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் இந்த ஊர் எது நிஜம் எது வேற ஊர் என்று அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த மனிதர் இங்கிலாந்து அரசாங்க முத்திரைச் சிங்கம் ஒன்றைத் தன் கையால் செதுக்கினார் என்று காவல் நிலையத்தில் போய்ச் சொல்வதென்றால் சும்மாவா? ஆனால் எந்தப் பொருள் எந்த அமிலத்தில் கரையும் என்று கற்றுக்கொண்டதும் அவரிடம்தான்.

"அந்த லண்டன்காரர் நல்ல சிங்கத்தப் பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னாருங்கய்யா" என்றேன். "இந்தக் கை இங்கிலாந்த தவிர எங்கயும் கெடைக்காதாம்."

ஆச்சாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க கெடைக்காதுன்னாரு?"

"இங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தலையாட்டினேன்."

உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "ஆட்டோ கூப்புடுங்க கெமிஸ்ட்ரி."

நிலையத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். எட்வினையும் வரவழைத்திருந்தார்கள். காசியம்மாளையும் உள்ளே வந்து நிற்கச் சொன்னார்கள். ஆச்சாரி பளிச்சென்ற தாங்கியை எடுத்து, பேத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது நான் செஞ்சது சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டரிடம். "முப்பது வருஷம் ஆச்சு. இந்தப் பொண்ணு அப்ப அந்த வூட்டுக்கு வேலைக்கே வரல, கெமிஸ்ட்ரியும் நம்ம கடைக்கு வரல."

ஒத்தையாக ஒரு தாங்கியைத்தான் டோரத்தி அவரிடம் கொண்டுவந்தாராம். ஜோடி நிற்காமல் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, இதற்குத் துணை செய்துகொடுங்கள் என்று கேட்டாராம். வீடு பிரிக்கும்போது அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரித்தார்களாம். தங்கை தன்னுடையதை விற்றுவிட்டாளாம். இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது எட்வின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: பெரியம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்திரையை ஏன் சார் செதுக்கினீர்கள், அது குற்றமில்லையா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அதுல சிங்கத்துக்கு மூஞ்சியே இல்ல சார். தேஞ்சு போயி பூனையாட்டம் இருந்துச்சு. அத அப்படியே வுடறதுக்கு மனசு வரல" என்றார் ஆச்சாரி. "விக்கறதுக்காப் பண்ணேன்? ஜோடிக்குப் பண்ணேன். நான் பண்ணதுன்னு எழுதியும் வெச்சிருக்கேன். உள்ள டார்ச் அடிச்சிப் பாருங்க."

தாங்கியைக் கவிழ்த்து டார்ச் அடித்தார்கள். அடிப்பீடத்தின் குழிக்குள், தண்டின் உட்சுவரில், விரல் எட்டும் ஆழத்தில் ஒரு எழுத்து இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். "த."

எட்வினும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவருக்கு அது ஒரு கீறலாகத் தெரிந்தது.

அவர் முழு மூடர் இல்லை. பெரியம்மா ஒரு நகல் செய்துகொண்டார் என்பதை ஏற்றுக்கொண்டார். எழுந்து காசியம்மாளிடம் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்தும் போட்டார். ஆனால் எது நகல் என்பதில் மட்டும் அவர் மனம் மாறவில்லை. தன் தாய் வீட்டு வெள்ளி மங்கலானது என்றும், தேரடி வீதி மாடியில் செய்தது மேலானது என்றும் ஒப்புக்கொள்ள அவர் கொண்டுவந்த புத்தகத்தில் இடமில்லை. முதியவருக்கு வயதாகிவிட்டது, தான் செய்தது எது என்றே குழம்புகிறார் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். "போலி"யைக் காசியம்மாளே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டார்.

ஆச்சாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் தாங்கி லண்டனுக்குப் போகிறது என்பது புரிந்ததும் வாயே திறக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஒருமுறை மட்டும், "பத்திரமா பேக் பண்ணுவாரா?" என்று கேட்டார். அவரைக் கிளப்பிவிட்டது காசியம்மாள் மேல் வைத்த இரக்கமா, இங்கே கிடைக்காது என்ற அந்த ஒரு வார்த்தையா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அவரும் கடைசிவரை சொல்லாமலே போய்ச்சேர்ந்தார்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போக விட மாட்டார்கள். பழம்பொருள் இல்லை என்று சான்று வேண்டும். அதோடு இணைக்க எட்வின் என்னிடம் அறிக்கை கேட்டு வந்தார். கேட்கும்போது அவருக்குக் கூச்சம். நான் உள்ளதை எழுதினேன்: இந்தத் தாங்கி சுமார் முப்பது வருடங்களுக்கு முன் திருவண்ணாமலையில் செய்யப்பட்டது, முத்திரைகள் பிற்காலத்தில் செதுக்கப்பட்டவை, இது பழம்பொருள் அல்ல. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு ஐயமில்லாமல் வேறெதையும் எழுதியதில்லை. எட்வின் படித்துப் பார்த்தார். என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். எனக்காக இப்படி ஒரு பொய்யை எழுதித் தந்தீர்களே, இந்த உதவியை மறக்க மாட்டேன் என்றார். முந்தைய அறிக்கை பொய்யாக இருந்தபோதும் இதே கையைத்தான் குலுக்கினார்.

அதற்கு அடுத்த வாரம் அடி அண்ணாமலைக்குப் போனேன். காசியம்மாளிடம் மன்னிப்புக் கேட்பதற்கும், அவரிடம் இருப்பது எவ்வளவு பெரிய பொருள் என்று சொல்வதற்கும். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். தாங்கி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது, குழலில் பாதி எரிந்த வர்த்தியோடு. நான் இருநூற்றைம்பது வருடம் என்றேன், லண்டன் என்றேன், இதுதான் அசல் என்றேன்.

"தெரியும் சார்" என்றார் காசியம்மாள். "இது எங்கம்மா வூட்டுது, அது ஆச்சாரி பண்ணதுன்னு அந்தம்மா வந்த புதுசுலயே சொல்லியிருக்காங்க. வர்த்தி ஏத்தறது எப்பவும் இதுலதான். அது சும்மா ஜோடிக்கு நிக்கும்."

நான் அந்தத் தாங்கியைத் திரும்பிப் பார்த்தேன். "இத அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ரெண்டும் இங்கதான் இருக்குதுன்னு சொன்னேனே. அதுக்கு மேல நானா சொன்னா, தப்பிக்கறதுக்குக் கதை கட்டறான்னுதான சொல்லுவாங்க? யாருகிட்ட குடுத்தன்னு கேட்டாங்க. எது எதுன்னு யாரு சார் என்னைக் கேட்டா?"

டீ கொண்டுவந்து வைத்தார். நானும் கேட்கவில்லைதான். லென்ஸையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டித்தான் இரண்டு நாளும் உள்ளே போனேன்.